கன்னத்தில் ஒட்டும் மருந்து ஃபிலிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனிலும் ஜோஹானஸ்பர்கிலும் ஃபார்மசி படிப்பவர்கள், லேப்பில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். முதலில் வருபவை எல்லோருக்குமானவை, நடுவில் இருப்பவை லேப்புக்கு. மருந்து சாப்பிடுபவர்களுக்கு வேண்டியது கடைசிப் பக்கமும் இருக்கிறது.

இந்த ஃபிலிம்னா என்ன? நாக்கில் வைத்ததும் கரையுமே, அந்த ஸ்ட்ரிப்தானா?

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், வேலை வேறு. நாக்கில் வைக்கும் ஸ்ட்ரிப் ஒரு நிமிடம் போல கரைந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாமல் விழுங்குகிற மாத்திரை, அவ்வளவுதான். கன்ன ஃபிலிம் கன்னத்தின் உள்பக்கச் சவ்வில் ஒட்டி அங்கேயே நின்று, மருந்தைச் சவ்வு வழியாக ரத்தத்துக்குள் விட வேண்டும். சில நிமிடத்தில் கரைபவையும் உண்டு, மணிக்கணக்கில் நிற்பவையும் உண்டு.

பெரும்பாலும் 1 முதல் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 50 முதல் 200 மைக்ரான் வரை கனம். உள்ளே இருப்பது முக்கியமாக மூன்று: ஃபிலிமாகப் படியும் பாலிமர், அது மடங்க உதவும் பிளாஸ்டிசைசர், மருந்து. தீராத வலிக்கான பியூப்ரனார்ஃபின் ஃபிலிம் பெல்பூக்கா அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. 2 முதல் 5 வயதுக் குழந்தைகளின் வலிப்புக்கான டயஸெபாம் ஃபிலிம் லிபர்வன்ட் 2024இல் வந்தது. வலிப்பு வந்த குழந்தையின் வாயில் மாத்திரையைப் போட்டு விழுங்கு என்று சொல்ல முடியாது. ஃபிலிமின் பலன் அந்த மாதிரி இடத்தில்தான் புரியும்.

மாத்திரையை விழுங்கினால் போதுமே, எதற்கு இவ்வளவு பாடு?

பல மருந்துகளுக்கு விழுங்கினாலே போதும். அவற்றை ஃபிலிமாக்குவது வீண் வேலை. விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சில மருந்துகளைக் கல்லீரல் அங்கேயே பெருமளவு அழித்துவிடும். ப்ரொப்ரனலால் என்றால் விழுங்கியதில் ஏறக்குறைய கால் பங்குதான் ரத்தத்தில் மிஞ்சும். கன்னத்து ரத்தம் கழுத்துச் சிரை வழியாக, கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகிறது. இதுதான் முதல் லாபம்.

இரண்டாவது, வாயிலேயே வேலை செய்ய வேண்டிய மருந்து. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வாயில் வரும் வெள்ளைப் பூஞ்சைக்கு மிக்கோனசோல் போன்றது அங்கேயே பல மணி நேரம் தங்கினால் போதும், ரத்தத்துக்குப் போகவே வேண்டாம். ஃபிலிம் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த வகையில் தொடங்குவது நல்லது. சவ்வைக் கடக்கும் சிக்கல் இதில் இல்லை.

எங்கள் ஆயாவுக்கு மாத்திரை விழுங்க முடியவில்லை. அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் இப்படி மாற்றிவிட முடியுமா?

முடியாது. அவர் மெட்ஃபார்மின் 500 மி.கி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் வைக்கத் தோதான 4 சதுர சென்டிமீட்டர் ஃபிலிமின் மொத்த எடையே 50 மி.கி சுற்றித்தான் வரும். அதில் 500 மி.கி எங்கே ஏற்றுவது? ஒரு வேளைக்குச் சில மில்லிகிராமில் வேலை செய்யும் வீரியமான மருந்துதான் இதற்குச் சரிப்படும்.

ஏற்றியது எல்லாம் உள்ளே போகும் என்பதும் இல்லை. கன்னச் சவ்வு 500 முதல் 800 மைக்ரான் கனம், 40, 50 அடுக்குச் செல்கள். நாக்கின் அடிப்பக்கம் 100 முதல் 200 மைக்ரான்தான். லேப்பில் ஒரு மருந்து மணிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் கடக்கிறது என்று தெரிந்தால், 4 சதுர சென்டிமீட்டர் ஃபிலிம் 3 மணி நேரத்தில் 480 மைக்ரோகிராம் கொடுக்கும். ஃபிலிமில் 5 மி.கி வைத்திருந்தாலும் அந்த அரை மில்லிகிராம் போக மீதி விழுங்கப்படும், அல்லது ஃபிலிமோடு வெளியே வரும். நோயாளிக்கு வேண்டியது எத்தனை, சவ்வு விடுவது எத்தனை என்ற இந்தப் பெருக்கலைப் பாலிமர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒத்து வராவிட்டால் வேறு மருந்தைப் பாருங்கள். ஆயாவுக்குச் சிரப் இருக்கிறதா, நாக்கில் கரையும் மாத்திரை இருக்கிறதா என்று ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள். தெரியாமல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

அதில் கோந்து மாதிரி ஏதாவது தடவியிருக்கிறார்களா? எப்படி ஒட்டுகிறது?

தனியாகப் பசை எதுவும் இல்லை. பாலிமரே ஒட்டுகிறது. காய்ந்த ஃபிலிம் சவ்வின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய பாலிமர்ச் சங்கிலிகள் சவ்வின் மேல் இருக்கும் மியூசின் என்ற சளிப் புரதத்துக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். பிறகு ஹைட்ரஜன் பிணைப்புகள் அதைப் பிடித்துக்கொள்ளும். கைட்டோசான் என்ற பாலிமரில் இதோடு மின்னூட்ட ஈர்ப்பும் சேரும். அது நேர் மின்னூட்டம், மியூசின் எதிர்.

ஒட்ட வைப்பதும் ஈரம், கழற்றிவிடுவதும் ஈரம். கொஞ்சம் ஈரம் பட்டால் பிடிக்கும். அளவுக்கு மேல் ஊறினால் வழவழவென்று வழுக்கிவிடும். அதனால் அதிகம் உப்பும் ஃபிலிம்தான் நன்றாக ஒட்டும் என்று நினைக்காதீர்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஈரத்தால் வருபவை.

எந்தப் பாலிமரில் ஆரம்பிக்கலாம்?

செல்லுலோஸ் வகைப் பாலிமரான எச்.பி.எம்.சியில். அதன் ஈ15 ரகம் ஃபிலிமாக எளிதில் படியும், மின்னூட்டம் இல்லாததால் எந்த மருந்தோடும் சண்டை போடாது. ஆனால் வாயில் சீக்கிரம் கரைந்துவிடும். அதிக நேரம் நிற்க வேண்டும் என்றால் பாலிமரில் கால் பங்கைக் கே4எம் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒட்டும் வலிமை போதாதென்றால் கார்போபால் 974பி, சோடியம் சி.எம்.சி, கைட்டோசான் இவற்றில் ஒன்றைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். எது என்ன செய்தது என்று பிறகு பிரித்துச் சொல்லவே முடியாது.

செய்முறையை அளவோடு சொல்லுங்கள். பேப்பரில் "கரைத்து ஊற்றிக் காய வைக்கவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

உள்விட்டம் 9 செ.மீ உள்ள ஒரு பெட்ரி டிஷ்ஷுக்கான கணக்கு இது. எச்.பி.எம்.சி ஈ15 600 மி.கி, கிளிசரால் 120 மி.கி (பாலிமரில் 20 சதவீதம்), மருந்து 80 மி.கி, தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 கிராம். பீக்கரிலும் கிளறும் காந்தத்திலும் ஒட்டிப் போவதற்காக எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிளறிக்கொண்டே எச்.பி.எம்.சியைத் தூவுங்கள். சூட்டில் அது கரையாது, பிரிந்து மிதக்கும். அதுதான் வேண்டும். பச்சைத் தண்ணீரில் நேரே கொட்டினால் வெளியே ஜெல், உள்ளே காய்ந்த மாவு என்று கட்டி விழும். மறுநாள் வரை கிளறினாலும் போகாது. எல்லாம் நனைந்ததும் மீதித் தண்ணீரில் பெரும்பகுதியைக் குளிர்ச்சியாக ஊற்றி, சூட்டை அணைத்துக் கிளறுங்கள். ஆற ஆறத் தெளியும். மருந்தையும் கிளிசராலையும் மீதித் தண்ணீரில் தனியாகக் கரைத்து, பாலிமர் ஆறிய பிறகு சேருங்கள். மூடி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் காற்றுக் குமிழி தானே மேலேறிப் போய்விடும். அவசரம் என்றால் சோனிகேட்டர், இல்லையென்றால் மெல்லிய வேக்யூம்.

மறுநாள் அறை வெப்பத்துக்கு வந்ததும் டிஷ்ஷைத் தராசில் வைத்துச் சரியாக 20.0 கிராம் ஊற்றுங்கள். மில்லிலிட்டரில் அளந்தால் சிலிண்டர் சுவரில் ஒட்டுவது கணக்கைக் கெடுக்கும். ஓவன் தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள். திரவத்தின் ஆழம் 3 மி.மீ.தான், தட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கனம் ஏறிவிடும். 40 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் காய வைக்கலாம். அவசரப்பட்டு 60, 70க்கு ஏற்றினால் காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல மேலே தோல் கட்டி, அடியில் சிக்கிய ஆவி குமிழியாகத் தூக்கும். காய்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 12.6 மி.கி, கனம் 100 மைக்ரானுக்குச் சற்று மேல் வர வேண்டும். 150 வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, அல்லது ஊற்றியது தவறு.

அந்த 80 மி.கி மருந்து எங்கிருந்து வந்தது?

டிஷ்ஷின் பரப்பு 63.6 சதுர செ.மீ. வெட்டப்போவது 2க்கு 2, அதாவது 4 சதுர செ.மீ துண்டு. துண்டுக்கு 5 மி.கி வேண்டும். 63.6ஐ 4ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 79.5. கணக்கு எப்போதும் முழு டிஷ் பரப்புக்குத்தான், வெட்டி எடுக்கும் பரப்புக்கு அல்ல. இதில் தவறுபவர்கள் நிறைய.

ஆனால் 16 துண்டு கிடைக்காது. வட்டத்தில் சதுரம் வெட்டுகிறீர்கள். ஓரம் வேறு தடித்துக் கிடக்கும். சுற்றிலும் அரை செ.மீ ஒதுக்கினால் 7, 8 துண்டு தேறும், ஒரு செ.மீ ஒதுக்கினால் 5, 6தான். விலை கூடிய மருந்து என்றால் இதை முன்பே பட்ஜெட்டில் போடுங்கள். கையில் உள்ள மருந்து உப்பு வடிவமா, உப்பாக்காத மூல வடிவமா (பேஸ்) என்பதையும் பாருங்கள். பியூப்ரனார்ஃபின் டோஸ் மூலத்தின் எடையில் சொல்லப்படுகிறது. ஹைட்ரோகுளோரைடாக எடுத்தால் 1.08ஆல் பெருக்கி எடை போட வேண்டும்.

கணக்கு சரியாத்தான் போட்டேன். ஆனாலும் துண்டுக்குத் துண்டு மருந்து மாறுதே?

ஃபிலிம் வேலையில் உண்மையான தலைவலி இதுதான். ஊற்றிய திரவம் கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும். காயும்போது ஓரத்தில்தான் முதலில் உலரும், உள்ளிருக்கும் திரவத்தை மருந்தோடு அங்கே இழுக்கும். ஓரம் தடிக்கிறது, நடு மெலிகிறது. அதனால் நடுத் துண்டுகள் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே காட்டும். ஓரத்தை வெட்டி எறிவதால் பாதிதான் தீரும்.

ஒவ்வொரு துண்டையும் தனிக் குழியில் ஊற்றுவது நல்ல வழி. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ப்ரொப்ரனலாலை கைட்டோசான், யூட்ராஜிட் ஆர்.எஸ். 100 என்ற இரண்டு எதிரெதிர்க் குணப் பாலிமர்களோடு ஒரே ஃபிலிமாக்கியபோது, தனித்தனிக் குழிகள் உள்ள சிலிகான் அச்சுத் தட்டைப் பயன்படுத்தித்தான் மருந்து அளவை ஒரே சீராக்கினார்கள். குழியில் ஊற்றிய எடைதான் டோஸ். ஓரம் தடித்தாலும் அது அதே துண்டுக்குள்தான் இருக்கும். இங்கே டர்பனில் இருந்துகொண்டே இன்னும் பலர் வட்ட டிஷ்ஷோடு மல்லுக்கட்டுவது ஏன் என்று புரியவில்லை.

பத்துத் துண்டைச் சோதித்து அமெரிக்க மருந்துநூல் முறையில் ஏற்பு மதிப்பை, அதாவது துண்டுகளின் மருந்து அளவு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்ணை, கணக்கிடுங்கள். 15க்குள் இருக்க வேண்டும். சராசரி 100 சதவீதமாக இருந்தால் திட்ட விலக்கம் 6.25 வரை தாங்கும். சராசரி 94க்கு இறங்கிவிட்டால் 4.4க்கு மேல் தாங்காது. மருந்து அளவை மில்லிகிராம் ஃபிலிமுக்கு இவ்வளவு என்று சொல்லாமல் துண்டுக்கு இவ்வளவு என்றே சொல்லுங்கள். ஈரம் ஏறி இறங்கும்போது ஃபிலிமின் எடை மாறும், துண்டில் உள்ள மருந்து மாறாது.

டர்பனில் செய்தால் பிசுபிசுக்குது. அதே ஃபார்முலா ஜோபர்க்கில் நொறுங்குது. எது தப்பு?

ஃபார்முலா சரிதான், அறைதான் வேறு. டர்பனில் பிப்ரவரிக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஜோஹானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், ஜூன், ஜூலையில் உதடே வெடிக்கும். கிளிசராலும் எச்.பி.எம்.சியும் காற்றின் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். தண்ணீரும் ஒரு பிளாஸ்டிசைசர்தான். டர்பனில் அது நீங்கள் கேட்காமலே சேருகிறது, ஜோபர்க்கில் கேட்டாலும் கிடைப்பதில்லை.

ஊருக்கொரு கிளிசரால் அளவு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. அப்போது அது இரண்டு மருந்து. ஓவனிலிருந்து எடுத்ததும் ஃபிலிமை மூடிய டெசிகேட்டரில் ஒரு நாள் வையுங்கள். அடியில் சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் பொட்டாசியம் கார்பனேட்டின் தெவிட்டிய கரைசல். அது உள்ளே 43 சதவீத ஈரப்பதத்தைத் தானே நிலைநிறுத்தும். மக்னீசியம் குளோரைடு என்றால் 33. சிலிக்கா ஜெல் ஃபிலிமை ஒரேயடியாக உலர்த்தி நொறுக்கிவிடும். ஒரு நாள் கழிந்ததும் உடனே அலுமினியப் பையில் போட்டுச் சூடாக்கி மூடுங்கள். மடிப்புச் சோதனை, இழுவைச் சோதனை எல்லாம் இந்த நிலையில் எடுத்தால்தான் டர்பன் எண்ணையும் ஜோபர்க் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் 300 தடவை மடித்தும் உடையவில்லை என்றால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிசுபிசுத்தால் கிளிசராலை 15 சதவீதமாகக் குறையுங்கள், அல்லது பி.இ.ஜி 400 என்ற வேறு பிளாஸ்டிசைசருக்கு மாறுங்கள். அது ஈரத்தைக் குறைவாக இழுக்கும்.

ஓவன் ஓடும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி போட்டுத் தொடரலாமா?

பழகிப் பார்க்கும் பேட்ச் என்றால் தொடருங்கள். எண் எடுக்கப்போகும் பேட்ச் என்றால் தூக்கி எறியுங்கள். பாதி காய்ந்த நிலையில் மருந்து செறிவாகவும் பாலிமர் இளகலாகவும் இருக்கும். படிகம் வளர அதைவிட நல்ல நேரம் கிடையாது. மின்வெட்டு அட்டவணை வந்திருக்கும் நாளில் ஊற்றாதீர்கள், கரைசலைக் குளிர்பெட்டியில் விட்டு வையுங்கள்.

ரெண்டு வாரம் கழிச்சு ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி வருது. பூஞ்சையா?

பெரும்பாலும் மருந்துப் படிகம்தான். துருவ ஒளி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் பளபளக்கும். பூஞ்சை என்றால் இழையாகத் தெரியும். தெளிவாக இருந்த ஃபிலிமில் மருந்து தன் கரைதிறனுக்கு மேல் மாட்டிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறியதும் மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றுசேர்கின்றன. படிகமானால் கரையும் வேகமும் மாறும், தொட்டால் நறநறக்கும்.

வளர்ந்த தயாரிப்புகளுக்கும் இது நடக்கும். ஃபென்டனில் ஃபிலிமான ஆன்சோலிஸ் அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்றது. பிறகு வைப்புக் காலத்தில் நுண்படிகம் தோன்றுவதும் நிறம் லேசாக மங்குவதும் தெரிந்ததால் 2012இல் அதன் மறு அறிமுகம் தள்ளிப்போனது. செய்யக்கூடியவை: மருந்து ஏற்றத்தைக் குறைப்பது, பாலிமரில் ஒரு பங்கை பி.வி.பி கே30 என்ற வேறு பாலிமராக்குவது, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது. பி.வி.பி படிகத்தைத் தடுக்கும், ஆனால் அதுவே ஈரத்தை இழுக்கும்; பையை நன்றாக மூடாவிட்டால் அதைப் போட்டும் பயன் இல்லை.

கார்போபால் சேர்த்த உடனே கரைசல் தயிர் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சரக்கு கெட்டதா?

சரக்கு நல்லதுதான். கார்போபாலுக்கு எதிர் மின்னூட்டம். ப்ரொப்ரனலால் ஹைட்ரோகுளோரைடு போன்ற மருந்துக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். கைட்டோசானோடு ஆல்ஜினேட்டோ கார்போபாலோ சேர்த்தாலும் இதே கதி. பேச்சுக்குக்கூட உப்புக் கரைசலில் கார்போபாலைக் கரைக்காதீர்கள், கெட்டித்தன்மை அப்படியே விழுந்துவிடும்.

கைட்டோசானைக் கரைக்க ஒரு சதவீத அசெட்டிக் அமிலம் வேண்டும். காய்ந்த பிறகும் அமிலம் கொஞ்சம் தங்கும். ஃபிலிமை ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் நனைத்து, பி.எச் எலெக்ட்ரோடை மேலே தொட வைத்துப் பாருங்கள். 5.5க்குக் கீழே போனால் கன்னம் எரியும்.

கசப்பை எப்படி மறைப்பது? எலுமிச்சை ஃபிளேவர் போடலாமா?

சுக்ரலோஸும் புதினாவும் போடலாம். சிட்ரிக் அமிலம் வேண்டாம். புளிப்பு எச்சிலை ஊற வைக்கும், எச்சில் மருந்தை அடித்துக்கொண்டு போகும். கார குணமுள்ள மருந்து அமிலத்தில் மின்னூட்டம் ஏறிச் சவ்வைக் கடக்கத் தயங்கும். பல்லுக்கும் ஆகாது.

இதில் ஜெலட்டின் இருக்கிறதா? மாடா, பன்றியா? புரட்டாசி விரதத்தில் இருக்கிறோம்.

பெரும்பாலான கன்ன ஃபிலிம்கள் செல்லுலோஸ் வகைப் பாலிமரால் ஆனவை; மூலம் மரக்கூழ், பருத்தி. புல்லுலான், ஆல்ஜினேட்டும் விலங்குப் பொருள் அல்ல. சிலதில் ஜெலட்டின் இருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சேர்மானப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது. சைவக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. கிளிசரால் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும், தயாரிப்பாளரைக் கேட்டால்தான் தெரியும். ஃபார்முலா எழுதுபவர்களுக்கு: இந்தக் கேள்வி டர்பனில் கட்டாயம் வரும், வாங்கும்போதே மூலச் சான்றிதழ் கேட்டு வையுங்கள்.

விரதத்துக்காகத் தினமருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒட்டும் வலிமை ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு எண்ணாக இருக்கிறதே. எதை நம்புவது?

எண்ணை நம்பாதீர்கள், வரிசையை நம்புங்கள். பிரிக்கும் விசையை அளக்கும் டெக்ஸ்சர் அனலைசரில் ஃபிலிமை எவ்வளவு விசையில், எத்தனை வினாடி அழுத்தினோம், என்ன வேகத்தில் பிரித்தோம், அடியில் வைத்தது சவ்வா மியூசின் வில்லையா, அதில் எவ்வளவு தண்ணீர் தெளித்தோம் என்று ஐந்தையும் எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை. உங்கள் லேப்பில் ஐந்தையும் நிலையாக வைத்து, நான்கு ஃபார்முலாவை ஒரே நாளில் ஒப்பிடுங்கள். பிரிக்கும் விசை அதிகமுள்ளதுதான் அதிக நேரம் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பீக்கர் சுவரில் சவ்வை ஒட்டி, அதன் மேல் ஃபிலிமை வைத்து, 37 டிகிரி பஃபரில் மெதுவாகக் கிளறி எப்போது கழல்கிறது என்று தனியாகப் பாருங்கள். வாய்க்கு அதுதான் நெருக்கம்.

பன்றிக் கன்னத்தில்தான் சோதிக்க வேண்டுமா? எங்கள் லேப்பில் சிலர் தொட மாட்டார்கள்.

பன்றியின் கன்னச் சவ்வு அமைப்பிலும் கனத்திலும் மனிதருக்கு நெருக்கம், ஒப்பிடுவதற்கு வெளிவந்த எண்களும் அதில்தான் அதிகம். தொட விரும்பாதவர்கள் ஆட்டுக் கன்னத்தில் செய்யலாம். செய்தது ஆடு என்று தெளிவாக எழுதி, பன்றி எண்ணோடு நேரடியாக ஒப்பிடாமல் இருந்தால் சரி. எலிக் கன்னம் உதவாது, அதன் சவ்வு கடினப்பட்டது. இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கினாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வெட்டியதும் குளிர்ந்த பஃபரில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் லேப்புக்குக் கொண்டுவாருங்கள். கொழுப்பையும் தசையையும் நீக்கி, சுமார் 500 மைக்ரான் கனத்துக்குக் கொண்டுவந்து, சவ்வை மருந்து கடப்பதை அளக்கும் ஃபிரான்ஸ் செல்லில் 37 டிகிரியில் பொருத்துங்கள். ஆடானாலும் பன்றியானாலும் கன்னத்தில் அதன் பல்லே பட்ட தழும்பு இருக்கும். அந்த இடத்தை ஒதுக்குங்கள். திடீரென்று ஒரு செல்லில் மட்டும் மருந்து பத்து மடங்கு கடந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல, ஓட்டை.

பின்பக்கம் இன்னொரு அடுக்கு கட்டாயமா? ஒட்டினால் சுருண்டுகொள்கிறது.

மருந்து கன்னப் பக்கம் மட்டும் போக வேண்டும் என்றால் தேவை. ஒற்றை அடுக்கு இரு பக்கமும் கரையும், வாய்ப்பக்கம் கரைந்ததை நோயாளி விழுங்கிவிடுவார். வழக்கமாக எத்தில் செல்லுலோஸை எத்தனாலில் கரைத்து, காய்ந்த மருந்து அடுக்கின் மேல் ஊற்றுவார்கள். எச்.பி.எம்.சி சுத்த எத்தனாலில் கரையாததால் கீழ் அடுக்கு கலங்காது. மருந்து எத்தனாலில் கரையுமா என்று மட்டும் பாருங்கள். கரைந்தால் மேலே ஏறிவிடும்.

சுருள்வது இரண்டு அடுக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால். பின் அடுக்கில் ட்ரைஎத்தில் சிட்ரேட் என்ற பிளாஸ்டிசைசரைக் கூட்டி, அதை மெலிதாக்கினால் அடங்கும். டைகுளோரோமீத்தேனில் கரைத்தால் வேலை சுலபம்தான், ஆனால் மிச்சக் கரைப்பான் வரம்பு 600 பி.பி.எம், எத்தனாலுக்கு 5,000. எத்தனாலிலேயே செய்யுங்கள்.

ஃபிலிம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனைக்கு எந்த நிலையில் வைக்க வேண்டும்? 25 டிகிரியில் வைத்த பழைய டேட்டா போதுமா?

தென்னாப்பிரிக்காவுக்குப் போதாது. இங்கே நீண்டகாலச் சோதனை 30 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். வேகச் சோதனை 40 டிகிரி, 75 சதவீதம், ஆறு மாதம். விற்கப்போகும் அதே பையில் வைத்துச் சோதியுங்கள். திறந்த தட்டில் 75 சதவீத ஈரத்தில் ஃபிலிம் சில நாளில் கூழாகிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பையின் தேவையைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் மருந்து அளவோடு ஈர அளவு, ஒட்டும் விசை, மைக்ராஸ்கோப் படம் மூன்றையும் எடுங்கள். மருந்து 99 சதவீதம் இருந்து, ஃபிலிம் ஒட்டாமல் போன கதைகள் உண்டு.

வைத்துக்கொண்டு டீ குடிக்கலாமா? பாதியாக வெட்டிக்கொள்ளலாமா? வாயில் புண் இருந்தால்?

ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதன் தாளில் உள்ளதுதான் விதி. பொதுவாக நாக்கால் அல்லது தண்ணீரால் கன்னத்தை நனைத்து, உலர்ந்த விரலால் சரியான பக்கம் கன்னத்தில் படும்படி வைத்து, சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பெல்பூக்காவில் மஞ்சள் பக்கம் கன்னத்துக்கு, 5 வினாடி, 30 நிமிடத்துக்குள் கரையும். கரையும் வரை சூடான ரூயிபோஸ் டீயும் வேண்டாம், கறியும் வேண்டாம். விரலாலோ நாக்காலோ நோண்டக் கூடாது. அடுத்த வேளைக்கு மறு கன்னம்.

வெட்டாதீர்கள். மருந்து சீராகப் பரவியிருந்தாலும் உங்கள் கத்தரிக்கோல் சீராக வெட்டாது. புண் இருந்தால் சவ்வு மெலிந்து மருந்து அதிகமாகப் போகும். வாய்ச் சவ்வு வெந்திருப்பவர்களுக்கு பெல்பூக்கா தொடங்கும் அளவையே பாதியாக்கச் சொல்கிறார்கள். அதனால் புண்ணை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாயில் கரையும் பியூப்ரனார்ஃபினால் பல் சொத்தை வருவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது: முழுதும் கரைந்த பிறகு தண்ணீர் கொப்பளித்து விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

எங்கள் ஃபார்மசியிலேயே செய்து விற்கலாமா?

ஒரு நோயாளியின் தேவைக்காக ஃபார்மசிஸ்ட் மருந்து கலந்து கொடுக்க தென்னாப்பிரிக்காவின் 1965ஆம் ஆண்டு 101ஆம் எண் மருந்துச் சட்டத்தின் 14(4) பிரிவு இடம் தருகிறது, அதுவும் 30 நாளுக்கு மேற்படாத அளவுக்கு. மொத்தமாகச் செய்து அலமாரியில் அடுக்கினால் அது பதிவு செய்யாத மருந்து. அதற்கு, 2018இல் பழைய மெடிசின்ஸ் கன்ட்ரோல் கவுன்சிலின் இடத்துக்கு வந்த, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சாப்ராவிடம் பதிவும் உற்பத்தி உரிமமும் வேண்டும். ஆட்களிடம் சோதிப்பதற்கும் சாப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தனித்தனியாக வேண்டும்.

சட்டம் இடம் கொடுத்தாலும், மேலே சொன்ன பத்துத் துண்டுச் சோதனையைச் செய்ய வசதியில்லாத ஃபார்மசி ரத்தத்துக்குப் போகும் ஃபிலிமைக் கலக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. வாய்ப்புண்ணுக்கான, வாயிலேயே வேலை செய்யும் ஃபிலிம் என்றால் பேசலாம்.